கூடைப்பந்தும் பதினைந்தடிக் கோடும்

பிள்ளைகள் பந்து விளையாடும் திடலின் ஓரத்தில் சற்று நேரம் நின்றவர்கள் அனைவரும் ஒரு குரலைக் கேட்டிருப்பார்கள். "என்னைத் தள்ளிவிட்டான்!" என்பதுதான் அந்தக் குரல். உடனே ஆட்டம் நின்றுவிடும். தள்ளியவன், "நான் தொடவே இல்லை" என்பான். தள்ளப்பட்டவன் முழங்காலைக் காட்டுவான். இரண்டு பக்கமும் ஆள் சேரும். அன்றைய விளையாட்டு அதோடு முடிந்தாலும் முடிந்துவிடும்.

இது பிள்ளைகளின் சண்டை என்று நாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதற்குள்ளே ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. ஒருவன் தவறு செய்து மற்றவனின் வாய்ப்பைக் கெடுத்துவிட்டான் என்றால், கெட்டுப்போன வாய்ப்பை எப்படித் திருப்பிக் கொடுப்பது? தவறு செய்தவனை எந்த அளவுக்குத் தண்டிப்பது? தண்டனை மிகுந்தால் அது கொடுமை. குறைந்தால் அது கேலி. எந்த அளவு சரியான அளவு?

இந்தக் கேள்விக்கு விடை தேடி நூற்றுமுப்பது ஆண்டுகளாக விதிகளை மாற்றி மாற்றி எழுதிவரும் ஒரு விளையாட்டு உண்டு. அதுதான் கூடைப்பந்து. நம் நாட்டில் பட்டணத்துச் சீனப் பள்ளிகளின் திடல்களில் இந்த ஆட்டத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். எதிராளி தவறாக ஆடினால் நடுவர் விசில் ஊதுவார். தவறு இழைக்கப்பட்டவர் கூடைக்கு எதிரே பதினைந்து அடி தூரத்தில் உள்ள கோட்டில் போய் நிற்பார். மற்ற எல்லாரும் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒருவரும் அவரை மறிக்கக் கூடாது. அவர் நிதானமாகப் பந்தை எறிவார். கூடைக்குள் விழுந்தால் ஒரு புள்ளி. ஆங்கிலத்தில் இதனை 'ப்ரீ துரோ' என்பார்கள். நாம் இதனைத் 'தனி எறி' என்று சொல்லிக்கொள்வோம். இந்தத் தனி எறி எப்படிப் பிறந்தது, எதற்காக மாறியது என்பதுதான் இன்றைய நமது பேச்சு.

முதலில் ஆட்டம் பிறந்த இடத்துக்குப் போவோம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்று ஓர் ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தினர் நடத்திய பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் ஆசிரியராக இருந்தார். கனடா நாட்டிலே பிறந்தவர். 1891ஆம் ஆண்டு குளிர்காலம். வெளியே பனி. உள்ளே மாணவர்கள் பதினெட்டுப் பேர், ஒரே மாதிரியான உடற்பயிற்சிகளைச் செய்து அலுத்துப்போய் இருந்தார்கள். கட்டடத்துக்குள்ளேயே ஆடக்கூடிய ஒரு புதிய விளையாட்டை உண்டாக்கும்படி மேலாளர் லூத்தர் குலிக் நெய்ஸ்மித்திடம் சொன்னார்.

காற்பந்தையும் ரக்பியையும் கட்டடத்துக்குள்ளே ஆடினால் கைகால் முறியும். ஆகவே முரட்டுத்தனம் இல்லாத ஆட்டமாக இருக்கவேண்டும் என்பதே நெய்ஸ்மித்தின் முதற்கவலை. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது என்று வைத்தார். ஓடினால்தானே பிடித்து இழுத்துத் தள்ளுவார்கள்! இலக்கைத் தலைக்கு மேலே வைத்தார். அப்போது பந்தை வேகமாக அடித்துப் பயனில்லை, மெல்ல வளைத்துத்தான் எறிய வேண்டும். கட்டடக் காவலரிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். பெட்டி கிடைக்கவில்லை; பீச்சுப் பழக் கூடைகள் இரண்டு கிடைத்தன. அவற்றை மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார்கள். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரம். இன்றைக்கும் உலகம் முழுவதும் கூடையின் உயரம் அதே பத்தடிதான். அன்று தற்செயலாக அமைந்தது, இன்றுவரை நிலைத்துவிட்டது.

நெய்ஸ்மித் பதின்மூன்று விதிகள் எழுதினார். அவை 1892 ஜனவரியில் கல்லூரியின் செய்தித்தாளில் அச்சாயின. அந்தப் பதின்மூன்று விதிகளில் தனி எறி என்ற பேச்சே இல்லை! அப்படியானால் தவறு செய்தவருக்கு என்ன தண்டனை?

அவர் வகுத்த முறை இதுதான். எதிராளியைத் தோளால் இடித்தாலோ, பிடித்தாலோ, தள்ளினாலோ, காலை இடறிவிட்டாலோ, அடித்தாலோ அது தவறு. அதே ஆள் இரண்டாவது முறை செய்தால், அடுத்த கோல் விழும்வரை அவர் வெளியே நிற்க வேண்டும். காயப்படுத்தும் எண்ணத்தோடு செய்தார் என்று தெரிந்தால் ஆட்டம் முழுவதும் வெளியேதான். அவருக்குப் பதிலாக வேறு ஆளும் வரமுடியாது. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. ஒரு குழு தொடர்ந்து மூன்று தவறுகள் செய்தால், இடையில் எதிர்க்குழு ஒரு தவறும் செய்யாதிருந்தால், எதிர்க்குழுவுக்கு ஒரு கோல் கணக்கில் சேரும்.

படிக்கும்போது நல்ல விதியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். முதலில் நடந்த ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து விழுந்தது ஒரே ஒரு கோல்தான். கோல் என்பது அவ்வளவு அரிதாக இருந்த காலத்தில், எறியாமலே ஒரு கோலைத் தூக்கிக் கொடுப்பது மிகப் பெரிய தண்டனை. அதே நேரத்தில் ஒரு குழுவின் முதல் இரண்டு தவறுகளுக்குக் கோல் கணக்கில் எந்த விலையும் இல்லை. இரண்டு முறை தள்ளிவிட்டு, மூன்றாவது முறை கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடலாம். தண்டனை வந்தால் மலைபோல் வருகிறது; வராவிட்டால் ஒன்றுமே இல்லை. இது நடுநிலையான தராசு ஆகாது.

ஆகவே சில ஆண்டுகளுக்குள்ளேயே ஒரு நடுவழி வந்தது. கோலைச் சும்மா கொடுக்காமல், கோல் போடுவதற்கான வாய்ப்பை மட்டும் கொடுப்பது என்பதே அந்த வழி. தவறு இழைக்கப்பட்ட குழுவில் ஒருவர் தடையின்றி நின்று எறிவார். திறமை இருந்தால் பலன் கிடைக்கும். இங்கேதான் தனி எறி பிறக்கிறது. முதலில் அந்தக் கோடு கூடையிலிருந்து இருபது அடி தூரத்தில் இருந்தது. இருபது அடியிலிருந்து எறிந்து கூடையில் போடுவது எளிதல்ல. ஈடு கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு எட்டாத இடத்தில் வைத்தால் அது என்ன ஈடு? 1894–95 ஆட்டப் பருவத்தில் கோடு பதினைந்து அடிக்கு வந்தது. அன்று முதல் அந்தத் தூரம் மாறவே இல்லை.

தூரம் சரியாயிற்று, மதிப்பு சரியாக வேண்டுமே? அக்காலத்தில் ஆட்டத்தின் நடுவே போடும் கோலுக்கு மூன்று புள்ளி, தனி எறிக்கும் மூன்று புள்ளி என்று ஒரு கணக்கு இருந்தது. ஓடி, பந்தை மாற்றி, எதிராளியைக் கடந்து போடும் கோலும், ஒருவரும் மறிக்காமல் நின்று எறியும் எறியும் ஒரே மதிப்பா? அப்படியானால் நன்றாக ஆடுவதைவிட, எதிராளி தவறு செய்யும்வரை காத்திருப்பதே மேல் என்றாகிவிடும். 1895–96இல் இதைத் திருத்தினார்கள். ஆட்டத்தில் போடும் கோலுக்கு இரண்டு புள்ளி. தனி எறிக்கு ஒரு புள்ளி. பிற்காலத்தில் வெகுதூரத்திலிருந்து போடும் கோலுக்கு மூன்று புள்ளி என்ற புதுக் கணக்கும் வந்து சேர்ந்தது. ஆனாலும் தனி எறிக்கு ஒன்று என்பது அன்றிலிருந்து பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது.

அடுத்து வந்த மாற்றம் நமக்கு மிகவும் பிடித்த மாற்றம். அந்த நாளில் தனி எறியை யார் எறிய வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை. ஆகவே ஒவ்வொரு குழுவும் நன்றாக எறியத் தெரிந்த ஒருவரை அதற்கென்றே வைத்துக்கொண்டது. யார் மீது தவறு நடந்தாலும் அந்த ஒருவர் வந்து கோட்டில் நிற்பார், எறிவார், புள்ளி சேர்ப்பார். அடிபட்டவர் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பார். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 1923–24 பருவத்திலிருந்து இந்த வழக்கம் நின்றது. யார் மீது தவறு நடந்ததோ அவரேதான் எறிய வேண்டும் என்று விதி வந்தது.

இதனால் என்ன நேர்ந்தது? முதலாவதாக, எறிவது ஒருவரின் தனிச்சொத்தாக இல்லாமல் எல்லாரும் கற்றாக வேண்டிய பாடமாயிற்று. உயரமானவர், குட்டையானவர், பந்தை நடத்திச் செல்பவர், கூடைக்கு அடியில் நிற்பவர் என ஒவ்வொருவரும் தினமும் அந்தக் கோட்டில் நின்று பழக வேண்டியதாயிற்று. இரண்டாவதாக, ஈடு என்பது பாதிக்கப்பட்டவரின் கைக்கே போய்ச் சேர்ந்தது. ஒருவருக்குச் சேரவேண்டியதை இன்னொருவர் வாங்கிக்கொள்ளும் வழக்கம் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு தொடங்கினாலும் எங்கே போய் முடியும் என்பதை நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

ஆயினும் இந்த நல்ல விதியிலும் ஒரு சந்து இருந்தது. நன்றாக எறியத் தெரியாதவர் மீது மட்டும் பார்த்துப் பார்த்துத் தவறு செய்யலாமே! அந்தச் சந்தின் கதையைப் பின்னால் பார்ப்போம்.

ஆடுகளத்தில் கூடைக்கு அடியிலிருந்து தனி எறிக் கோடுவரை வண்ணம் தீட்டிய ஒரு பட்டை உண்டு. தொடக்கத்தில் அதன் அகலம் ஆறே அடி. அதன் தலைப்பில் பன்னிரண்டு அடி குறுக்களவுள்ள வட்டம். மேலேயிருந்து பார்த்தால் பழைய பூட்டுச் சாவி போலத் தோன்றும். அதனால் இன்றும் அந்த இடத்தைச் 'சாவி' என்றே அழைக்கிறார்கள். பட்டை அகன்று சாவியின் உருவம் போய்விட்டாலும் பெயர் போகவில்லை. அகன்றது ஏன்? ஜார்ஜ் மைகன் என்ற நெடிய ஆட்டக்காரர் கூடைக்கு அருகிலேயே நின்றுகொண்டு எளிதாகக் கோல் போட்டுவந்தார். ஆகவே அமெரிக்காவின் தொழில்முறைச் சங்கமான என்.பி.ஏ. 1951இல் பட்டையைப் பன்னிரண்டு அடியாக்கியது. பின்னர் வில்ட் சேம்பர்லெயின் என்ற இன்னொரு நெடியவர் வந்தார். 1964இல் அது பதினாறு அடியாயிற்று.

இனி நம் பேச்சின் நடுப்பகுதிக்கு வருவோம். தவறுக்கு ஒரு தனி எறி, அதற்கு ஒரு புள்ளி என்று ஆகிவிட்டதல்லவா? இதிலே ஒரு கணக்கு ஒளிந்திருந்தது. அதைக் கெட்டிக்காரப் பயிற்சியாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு குழு பந்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தன் கையில் வைத்துக்கொள்ளலாம். முன்னணியில் இருக்கும் குழு என்ன செய்தது? கோல் போடாமலே பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி நேரத்தைக் கடத்தியது. 1950 நவம்பர் 22ஆம் நாள் போர்ட் வேய்ன் குழு, மைகன் ஆடிய மினியாப்பொலிஸ் குழுவை இப்படித்தான் தோற்கடித்தது. முடிவில் 19க்கு 18! என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகக் குறைந்த புள்ளிகள் விழுந்த ஆட்டம் அதுதான்.

எதிர்க்குழு பந்தைத் தரமாட்டேன் என்கிறது. பின்தங்கிய குழுவுக்குப் பந்து வேண்டும். என்ன வழி? தவறு செய்வதுதான் வழி! வேண்டுமென்றே எதிராளியைப் பிடி. அவருக்கு ஒரு தனி எறி கிடைக்கும்; மிஞ்சிப்போனால் ஒரு புள்ளி. அதன்பிறகு பந்து நமக்கு வரும். நாம் இரண்டு புள்ளி போடலாம். ஒன்றைக் கொடுத்து இரண்டுக்கு வாய்ப்பு வாங்குவது இலாபம்தானே? அடுத்த குழுவும் சும்மா இருக்குமா? அதுவும் அதையே செய்தது.

இதன் உச்சம் 1953 மார்ச் 21ஆம் நாள் பாஸ்டன் நகரில் நடந்தது. பாஸ்டன் குழுவும் சிராக்கியூஸ் குழுவும் மோதின. ஆட்டம் சமநிலையாகி, கூடுதல் நேரம் கொடுத்து, மறுபடியும் சமநிலையாகி, இப்படி நான்கு முறை கூடுதல் நேரம் ஆடினார்கள். நடுவர்கள் ஊதிய தவறுகள் மட்டும் 106. பாஸ்டன் குழுவின் பாப் கூசி அன்று 50 புள்ளிகள் எடுத்தார். அவற்றில் 30 புள்ளிகள் தனி எறியில் வந்தவை; 32 எறிகளில் 30 கூடைக்குள் விழுந்தன. 111க்கு 105 என்று பாஸ்டன் வென்றது. கூசியின் திறமை பெரிதுதான். ஆனால் பணம் கொடுத்து வந்த மக்கள் ஓட்டத்தைப் பார்த்ததைவிட, கோட்டில் ஆள் நிற்பதைப் பார்த்த நேரமே மிகுதி. விளையாட்டுக்காக விதி என்பது போய், விதியை வைத்து விளையாடுவது என்றாகிவிட்டது.

1954இல் என்.பி.ஏ. இரண்டு விதிகளை ஒரே சமயத்தில் கொண்டுவந்தது. இவ்விரண்டையும் நாம் சேர்த்தே பார்க்க வேண்டும். முதலாவது, பந்து கைக்கு வந்த இருபத்துநான்கு நொடிகளுக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். இந்த யோசனையைத் தந்தவர் சிராக்கியூஸ் குழுவின் உரிமையாளர் டேனி பியசோன். அவர் கணக்கு மிக எளியது. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 நொடி. நல்ல ஆட்டம் ஒன்றில் இரு குழுவும் சேர்ந்து சுமார் 120 முறை எறிகிறார்கள். 2,880ஐ 120ஆல் வகுத்தால் 24. வாய்பாடு தெரிந்த நம் பிள்ளைகள் போடக்கூடிய கணக்குத்தான்! இரண்டாவது, ஒரு குழு ஒரு கால்பகுதி ஆட்டத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தவறு செய்தால், அதன்பிறகு எதிராளிக்குக் கூடுதலாகத் தனி எறி கிடைக்கும்.

ஏன் இரண்டும் வேண்டும்? தவறு செய்பவரைத் தண்டிப்பது மட்டும் போதாது. அவர் ஏன் தவறு செய்தார் என்றும் பார்க்க வேண்டும். பந்து தம் கைக்கு வர வேறு வழியே இல்லாததால்தான் பலர் தவறு செய்தார்கள். இருபத்துநான்கு நொடி விதி அவர்களுக்கு நேர்வழியைத் திறந்துவிட்டது. கூடுதல் எறி விதி கோணல்வழியை அடைத்தது. ஒன்றைத் திறக்காமல் மற்றதை மட்டும் அடைத்திருந்தால், முன்னணியில் இருப்பவர் என்றும் முன்னணியிலேயே இருந்திருப்பார். அதற்கு முந்தைய பருவத்தில் ஒரு குழு ஓர் ஆட்டத்துக்கு எடுத்த சராசரிப் புள்ளி 79.5. அடுத்த பருவத்தில் அது 93.1 ஆக உயர்ந்தது. ஆட்டம் உயிர்பெற்று எழுந்தது.

அமெரிக்கக் கல்லூரிகள் அதே காலத்தில் வேறு ஒரு வழியை நாடின. அதற்கு 'ஒன்றும் ஒன்றும்' என்று பெயர். முதல் எறி கூடைக்குள் விழுந்தால்தான் இரண்டாவது எறி உண்டு; தவறவிட்டால் பந்து ஆட்டத்துக்குள் வந்துவிடும். இதைக் கணக்காகப் பார்ப்போம். நூறு எறியில் அறுபதைப் போடக்கூடிய ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நூறு தடவை இரண்டு எறி கொடுத்தால் 120 புள்ளி வரும். நூறு தடவை 'ஒன்றும் ஒன்றும்' கொடுத்தால், முதல் எறியில் 60, அந்த அறுபது பேறுகளில் இரண்டாவது எறிக்கு 36, ஆக மொத்தம் 96 புள்ளிதான். நன்றாக எறிபவருக்குச் சேதம் குறைவு. எறியத் தெரியாதவருக்குச் சேதம் அதிகம். பயிற்சி செய்தவரைப் பாராட்டும் விதி என்று இதைச் சொல்லலாம். ஆயினும் 1990–91 பருவத்திலிருந்து, ஒரு பாதி ஆட்டத்தில் பத்தாவது தவறு தொடங்கி நேராகவே இரண்டு எறி என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

என்.பி.ஏ.வில் 'இரண்டு புள்ளி எடுக்க மூன்று வாய்ப்பு' என்று ஒரு விதியும் இருந்தது. குழுவின் தவறு எண்ணிக்கை வரம்பைத் தாண்டிவிட்டால், இரண்டு எறியில் ஒன்று தவறினாலும் மூன்றாவதாக ஒரு வாய்ப்பு உண்டு. தவறு செய்தவருக்கு இது நல்ல சாட்டைதான். ஆனால் கோட்டில் ஆள் நிற்கும் நேரம் நீண்டுகொண்டே போயிற்று. 1981–82 பருவத்தில் அதை எடுத்துவிட்டார்கள். பன்னாட்டு ஆட்டங்களிலும் பலவிதமாக மாற்றிப் பார்த்து, 2000ஆம் ஆண்டில் ஒரு முறைக்கு வந்தார்கள். பத்து நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளாக ஆட்டம் நடக்கும். ஒரு பகுதியில் ஒரு குழு நான்கு தவறுகளைக் கடந்துவிட்டால், ஐந்தாவது தவறிலிருந்து எதிராளிக்கு இரண்டு தனி எறி. நம் நாட்டில் பன்னாட்டு விதிப்படி நடக்கும் போட்டிகளைப் பார்க்கும்போது இந்த எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஐந்தாவது தவறு நெருங்கும்போது பயிற்சியாளரின் முகம் மாறுவதைக் காணலாம்.

இந்த இடத்தில் வில்ட் சேம்பர்லெயினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏழடிக்கு மேல் உயரம். ஓடிவந்து தாவினால் தனி எறிக் கோட்டிலிருந்தே கூடையை எட்டிவிடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். எறியும் பந்து வளையத்தைத் தொடும்வரை எறிபவர் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற விதியை விளக்கும் எழுத்தாளர்கள் அவர் பெயரைத்தான் முதலில் எடுப்பார்கள். ஆனால் விந்தையைப் பாருங்கள்! இவ்வளவு பலம் படைத்தவருக்கு நின்று எறியும் அந்தத் தனி எறிதான் வரவில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் எறிந்த தனி எறிகளில் ஏறத்தாழப் பாதிதான் உள்ளே விழுந்தன.

ஒரே ஒரு பருவத்தில் மட்டும் அவர் முறையை மாற்றிக்கொண்டார். இரண்டு கைகளாலும் பந்தைப் பிடித்து, முழங்காலருகே தாழ்த்தி, கீழிருந்து மேலாக வீசினார். 1962 மார்ச் 2ஆம் நாள் பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்ற ஊரில் அவர் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அன்று 32 தனி எறிகளில் 28 உள்ளே விழுந்தன. பிறகும் அவர் ஏன் அந்த முறையைத் தொடரவில்லை? பார்ப்பதற்கு நன்றாக இல்லை என்று வெட்கப்பட்டார். பிற்காலத்தில் தாமே எழுதிய நூலில் அதை ஒப்புக்கொண்டார். ரிக் பேரி என்ற இன்னொருவரோ வெட்கப்படவில்லை. 1980இல் ஆட்டத்தை விட்டு விலகும்வரை கீழிருந்தே எறிந்தார். பத்துக்கு ஒன்பது உள்ளே விழுந்தன. விதி வாய்ப்பைத்தான் தரும். வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்வது நம் கையில் இருக்கிறது. நாலுபேர் சிரிப்பார்களே என்று நல்ல வழியை விட்டுவிடுபவர்கள் கூடைப்பந்தில் மட்டுமா இருக்கிறார்கள்?

முன்பு ஒரு சந்து இருந்தது என்று சொன்னோம் அல்லவா? எறியத் தெரியாத சேம்பர்லெயினை, பந்து அவர் கையில் இல்லாதபோதும் எதிராளிகள் ஓடிப்பிடித்துத் தவறு செய்தார்கள். ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அவர் ஓட, மற்றவர் துரத்த, பிள்ளைகளின் ஓடிப்பிடிக்கும் விளையாட்டுப் போல ஆயிற்று. ஆகவே கடைசி இரண்டு நிமிடத்தில் பந்தோடு தொடர்பில்லாதவரைப் பிடித்தால், எதிர்க்குழுவுக்குத் தனி எறியும் உண்டு, பந்தும் அவர்களுக்கே திரும்ப உண்டு என்ற விதி வந்தது. பந்தைப் பெறுவதற்குத்தானே தவறு செய்கிறாய், அந்தப் பந்தே உனக்கு இல்லை என்று விதி சொல்லிவிட்டது.

ஆனால் மற்ற நேரங்களில் சந்து திறந்தே இருந்தது. 1997 டிசம்பரில் டல்லஸ் குழு, சிக்காகோ குழுவின் டென்னிஸ் ராட்மன் மீது ஓர் ஆட்டக்காரரை ஏவிவிட்டது. எறியத் தெரியாதவர் என்று பெயரெடுத்திருந்த ராட்மன் மீது அவர் தவறுக்கு மேல் தவறு செய்து, மூன்றே நிமிடத்தில் ஆறு தவறுகளையும் முடித்துக்கொண்டு வெளியேறினார். ஆனால் ராட்மன் அன்று 12 எறிகளில் 9ஐப் போட்டுவிட்டார்! சிக்காகோதான் வென்றது. அடுத்த ஆண்டுகளில் ஷக்கீல் ஓ'நீல் என்ற பெரும் ஆட்டக்காரரை எல்லாக் குழுக்களும் இப்படியே துரத்தின. 2016–17 பருவத்திலிருந்து என்.பி.ஏ. அந்த இரண்டு நிமிடக் காப்பை ஒவ்வொரு கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்துக்கும் விரித்தது. முழுநேரமும் ஏன் தடுக்கவில்லை? அப்படித் தடுத்துவிட்டால் எறியக் கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே போய்விடும் என்று வாதிட்டவர்கள் பலர். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. விதி நடுவிலே நிற்கிறது.

ஒற்றைப் புள்ளி என்று தனி எறியை எளிதாக எண்ணிவிடக் கூடாது. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கின் இறுதியாட்டம். அதுவரை ஒலிம்பிக் கூடைப்பந்தில் தோல்வியே காணாத அமெரிக்கா, சோவியத் குழுவிடம் 48க்கு 49 என்று பின்தங்கியிருந்தது. மீதம் இருந்தது மூன்று நொடி. பந்தைப் பறித்துக்கொண்டு கூடைக்குப் பாய்ந்த டக் காலின்ஸ் என்ற இளைஞரை எதிராளி தள்ள, அவர் கீழே விழுந்து அடிபட்டார். எழுந்தார், கோட்டில் நின்றார், இரண்டையும் போட்டார். 50க்கு 49. ஆனால் ஆட்டம் அங்கே முடியவில்லை. கடிகாரத்தைப் பற்றிய தகராறில் அந்த மூன்று நொடி மறுபடி மறுபடி ஆடப்பட்டு, கடைசியில் சோவியத் குழு 51க்கு 50 என்று வென்றது. அமெரிக்க ஆட்டக்காரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். அந்த முடிவைப் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. அந்த இரண்டு எறிகளைப் பற்றி மட்டும் வாதம் இல்லை. உடம்பு நொந்தபோதும் கை நடுங்கவில்லை என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

அண்மைக் காலத்திலும் மாற்றம் நிற்கவில்லை. எதிர்க்குழு வேகமாகப் பாய்ந்து கோல் போடப் போகும் தறுவாயில், பந்தைத் தொட முயலாமல் ஆளைப் பிடித்து நிறுத்திவிடும் வழக்கம் பரவியது. 2022–23 பருவத்திலிருந்து என்.பி.ஏ. அதற்கு ஒரு தனி எறியும், பந்தைத் திரும்பப் பெறும் உரிமையும் கொடுக்கிறது. அந்த எறியை அப்போது களத்தில் உள்ள யார் வேண்டுமானாலும் எறியலாம். 1923இல் வெளியே அனுப்பிய பழைய வழக்கம், நூறு ஆண்டு கழித்து ஒரு மூலையில் மெல்லத் திரும்பி வந்திருக்கிறது! அமெரிக்காவின் வளர்நிலை லீக் ஒன்றில் 2019–20 பருவத்தில் இன்னொரு சோதனை தொடங்கினார்கள். இரண்டு எறிக்குப் பதில் ஒரே எறி; விழுந்தால் இரண்டு புள்ளி. நேரத்தை மிச்சப்படுத்துவதே நோக்கம்.

இனி இவையனைத்தையும் தொகுத்துப் பார்ப்போம். இந்த நீண்ட வரலாற்றில் மூன்று செய்திகள் நமக்குத் தெளிவாகின்றன.

ஒன்று: தவறின் விலை, தவறினால் வரும் இலாபத்தைவிடக் குறைவாக இருந்தால், அது தண்டனை ஆகாது; கட்டணம் ஆகிவிடும். வசதியுள்ளவன் கட்டணத்தைக் கட்டிவிட்டுத் தவறைத் தொடர்ந்து செய்வான். 1950களில் நடந்தது இதுதான். விளையாட்டுத் திடலுக்கு வெளியேயும் இது பொருந்துமா என்பதை நேயர்களே எண்ணிப் பாருங்கள்.

இரண்டு: ஈடு என்பது பாதிக்கப்பட்டவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இருபதடிக் கோடு பதினைந்தடிக்கு வந்ததும், அடிபட்டவரே எறிய வேண்டும் என்று ஆனதும் இதற்காகத்தான்.

மூன்று: எந்த விதியும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. மனிதர்கள் கூடிப் பேசி எழுதினார்கள். குறை கண்டபோது மறுபடியும் கூடிப் பேசித் திருத்தினார்கள். நெய்ஸ்மித் தாமே எழுதிய விதிகள் தம் கண்ணெதிரே மாறுவதைப் பார்த்தார். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் தம் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பெருமையும் அவருக்குக் கிட்டியது. 1939இல் அவர் காலமானார். விதி மாறியதால் ஆட்டம் அழிந்துவிடவில்லை, வளர்ந்தது. "இதுதான் வழக்கம், மாற்ற முடியாது" என்று யாராவது நம்மிடம் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். மாற்றுவதற்கு முதலில் விதியைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கூடைப்பந்துத் திடல் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இந்த ஆட்டம் பிறந்ததே பழக்கூடையில்தான். அடி உடைந்த ஒரு கூடையோ பழைய இரும்பு வளையமோ போதும்; பத்தடி உயரத்தில் கட்டிவிடுங்கள். அதிலிருந்து பதினைந்தடி அளந்து தரையில் ஒரு கோடு கிழியுங்கள். பிள்ளைகள் ஆளுக்குப் பத்து எறி எறியட்டும். எத்தனை விழுந்தது என்று அவர்களே எழுதி வைக்கட்டும். ஒரு மாதம் கழித்து அந்தத் தாளைப் பார்த்தால், முயற்சி என்ன செய்யும் என்பதை நாம் சொல்லாமலே அவர்கள் அறிவார்கள். தங்களுக்குள் தகராறு வந்தால் விதியையும் அவர்களே கூடி எழுதட்டும். பெரியவர்கள் நடுவே புகவேண்டாம். யாருக்கும் தீங்கில்லாத ஒரு விதியை எழுதுவது எவ்வளவு கடினம் என்பதை அந்தப் பிள்ளைகள் அப்போது உணர்வார்கள்.

அடுத்த பேச்சில் சந்திப்போம். வணக்கம்.